லித்தியத்தின் முப்பத்தேழு புள்ளிகள்

செல்வி, குமரா,

போன மாதம் என் பணி ஓய்வுக் கூட்டத்தில் முதல்வர் பேசும்போது, "நம்ம கலியபெருமாள் சாதாரண ஆளு இல்லீங்க, குவார்க்கையே ஸ்கேல் வச்சு அளந்தவரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள்: "லேப்ல டியூப்லைட்டு மாத்துவீங்க, பசங்களுக்கு ஒயரு எடுத்துக் குடுப்பீங்க. இதுல குவார்க்கு எங்கப்பா வந்துச்சு?"

கேட்டது நியாயம்தான். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து டிவி பக்கம் போய்விடுவீர்கள் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய உதவியாளரும் இதையேதான் கேட்டார். அவர் புள்ளிகள் வைத்த வரைபடத்தைக் கணினித் திரையில் போட்டு மவுசால் ஒரு தட்டு தட்டுகிறார், புள்ளியின் எண் வந்து நிற்கிறது. "இதையா சார் கையால அளந்தீங்க? எத்தன நாளு ஆச்சு?" என்றார். முதல் தடவை இரண்டு வாரம், மறுபடியும் ஒன்பது நாள் என்றேன். மறுபடியும் ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் படித்தது பத்தாவது. பிறகு செராமிக் பயிற்சி இரண்டு வருடம், நம் ஊர் ஜாடிக் கம்பெனி ஒன்றில் அச்சுப் பிரிவு பதினான்கு வருடம். அந்தக் கதையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். மண் பாத்திரம் காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கும். எங்கள் மண் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். பத்து சென்டிமீட்டர் வாய் உள்ள ஜாடி வேண்டும் என்றால் அச்சைப் பதினொன்றுக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட முடியுமா? அதற்காக அச்சுக்காரர்களிடம் தனியாக ஒரு ஸ்கேல் இருக்கும். அதில் பத்து என்று வெட்டியிருக்கும் கோடு உண்மையில் பதினொன்றில் இருக்கும். சுருக்க ஸ்கேல் என்போம். பார்த்தால் மற்ற ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும்.

தூசி நெஞ்சில் இறங்கி இருமல் விடாமல் போனபோது, டாக்டர் மண் வேலையே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போது குமரன் கைக்குழந்தை. கல்லூரி இயற்பியல் துறைக்கு ஆய்வக உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். நேர்காணல் செய்தவர் பிலோமினா மேடம். சான்றிதழை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

"நாப்பத்தி மூணரை மில்லிமீட்டருங்க. ஒரு மயிரிழ கொறச்சலு."

"மயிரிழைன்னா எவ்ளோ?"

"கால் மில்லி வருங்க."

"அப்ப காலுன்னு சொல்லுங்க. மயிரிழைய கம்ப்யூட்டர்ல அடிக்க முடியாது."

அவ்வளவுதான் நேர்காணல். அடுத்த திங்கட்கிழமை சேர்ந்தேன்.

மேடம் வகுப்பு எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்ன ஆராய்ச்சி என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். அணுவின் நடுவில் ஒரு கரு இருக்கிறது. கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான். அவற்றுக்குள்ளும் போனால் குவார்க்குகள், அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் குளுவான்கள். ஓடுகிற கருவின் வேகத்தில், அதாவது உந்தத்தில், எந்தக் குவார்க் எவ்வளவு பங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, குளுவான் எவ்வளவு தூக்குகிறது என்பதுதான் கேள்வி. ஒரு புரோட்டான் தனியாக இருக்கும்போது உள்ள பங்கு, அது மற்றவற்றோடு ஒரு கருவில் இருக்கும்போது கொஞ்சம் மாறிவிடுகிறது. ஏன் என்பது பெரிய ஆட்களுக்கே முழுதாகத் தெரியவில்லை என்று மேடம் சொல்வார். அவர் எடுத்துக்கொண்டது லேசான கருக்கள் மட்டும்: டியூட்டீரியம், ஹீலியம், லித்தியம், பெரிலியம், கார்பன்.

வெளிநாட்டில் பெரிய இயந்திரங்களில் இந்தக் கருக்கள் மேல் எலக்ட்ரானை வீசி, எப்படித் தெறிக்கிறது என்று பார்த்து, கட்டுரைகளில் போட்டிருப்பார்கள். மேடம் அந்த எண்களை எடுத்துவந்து ஒரு கணக்கு மாதிரியில் கொடுப்பார். அந்த மாதிரியில் நாலைந்து திருகு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் கோடு எல்லாப் புள்ளிகளுக்கும் பக்கத்தில் போகும்வரை கணினி அந்தத் திருகுகளைத் திருகிக்கொண்டே இருக்கும். கட்டாயம் ஒன்று உண்டு. எல்லாப் பங்கையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். குவார்க்கிடம் குறைந்தால் குளுவானிடம் கூட வேண்டும்.

பெரும்பாலும் எண்கள் அட்டவணையாகவே கிடைத்துவிடும். சில பழைய கட்டுரைகளில் படம் மட்டும்தான் இருக்கும். மேடம் எழுதிக் கேட்பார், பதில் வராது. அந்தப் படங்களிலிருந்து புள்ளியின் உயரத்தை அளந்து எடுப்பதுதான் என் வேலை. டியூப்லைட் மாற்றியதும் உண்மைதான், அது மிச்ச நேரத்தில்.

அதற்கு மேடம் ஒரு முறை வைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, வரைபலகையில் குண்டூசி குத்தி இழுத்து வைக்க வேண்டும். ஜெராக்ஸில் படம் நீளும், குறுகும். அதனால் முதலில் ஓரத்து அச்சுக்கோட்டின் நீளத்தை அளந்து எழுத வேண்டும். பிறகு கண்ணாடிவில்லையை வைத்து ஒவ்வொரு புள்ளியாக, கீழ்க்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். எழுதிய நோட்டை மேடம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். இரண்டு நாள் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல், வேறு நோட்டில் முதலிலிருந்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் அரை மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது தடவை. என் கையில் வருவது மில்லிமீட்டர் மட்டும்தான். அது குவார்க்குக் கணக்காக மாறுவது மேடத்தின் கணினியில். அவர் பார்ப்பது அந்தக் கணக்கை மட்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் அளந்துகொண்டிருக்கும்போது ஆய்வகத்துக்குள் நடக்கவே மாட்டார். நடந்தால் பழைய மரத் தரை அதிரும், தாள் நகரும். ஆய்வகத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நான் நிமிரும்வரை நின்றுகொண்டிருப்பார். ஒரு தடவை பாடவேளை மணி அடித்தும் நின்றார். உள்ளே வாருங்கள் என்று எழுந்தேன். "நீங்க பாயிண்ட முடிங்க. பசங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க, ஓடுனாலும் சந்தோசமாத்தான் ஓடுவாங்க" என்றார்.

அவருக்கு ஒரு நெருக்கடி இருந்தது. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து ஆறு வருடம் முடிந்து, இரண்டு தடவை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. குறிப்பிட்ட தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். வகுப்பு, வீடு, படுத்திருக்கும் மாமியார், இத்தனைக்கும் நடுவில் அவர் சேர்த்தது அந்த ஆறு வருடம்.

கடைசியாக வந்தது லித்தியம். ஒரே படம், முப்பத்தேழு புள்ளி, எள்ளைக் கொட்டினது மாதிரி நெருக்கமாக. ஆய்வகத்து நீள ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடுதான் உண்டு. அச்சுக்கோட்டை அதனால் அளந்து எழுதிவிட்டேன். புள்ளிகளுக்கு அது போதாது என்று தோன்றியது. வீட்டில் என் அச்சுப் பிரிவுப் பெட்டியில் அரை மில்லிக்குக் கோடு வெட்டிய குட்டை ஸ்கேல் இருந்தது. துருவாக இருக்கிறதே என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பளபளவென்று எடுத்துப் போனேன். மேடத்திடம் காட்டி, கம்பெனிக் காலத்துச் சாமான், இதைவிட நுணுக்கமாக இந்த ஊரில் கிடையாது என்று பெருமையடித்தேன். இரண்டு தடவை அளந்தேன். ஒரு புள்ளிகூட அரை மில்லி தவறவில்லை. மேடம் அன்றைக்கு எனக்கு வடையும் சேர்த்து வாங்கித் தந்தார்.

கணக்கு ஓடி முடிந்தபோது லித்தியம் மற்ற கருக்களைப் போல் இல்லை. அதில் குவார்க்கின் பங்கு எல்லா இடத்திலும் குறைவாக வந்தது. கூட்டினால் ஒன்று வர வேண்டும் என்பதால் குளுவானின் பங்கு வீங்கிப்போய் நின்றது. பல்கலைக்கழகத்தில் இருக்கும் கைடு பேராசிரியர் போனிலேயே பாராட்டினாராம், இந்த அத்தியாயம்தான் ஆய்வேட்டின் உயிர் என்று. மேடம் எட்டு வாரம் அதையே எழுதினார். அச்சடித்து, ஐந்து பிரதியும் பைண்டிங்குக்குப் போனது. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. நிம்மதியாக இருந்தோம்.

அன்று மத்தியானம் நடேசன் வந்தான். உங்களுக்கு நடேசன் சித்தப்பாவைத் தெரியும், அச்சுப் பிரிவில் என் பக்கத்து மேசை. ஒரு ஜாடி ஆர்டருக்கு மூடி அச்சு செய்ய வேண்டும், கம்பெனி ஸ்கேல் உடைந்துவிட்டது என்று என்னுடைய சுருக்க ஸ்கேலை ஒரு மாதம் முன்பு இரவல் கேட்டிருந்தான். பெட்டியில் மீதி இருந்ததை உங்கம்மா எடுத்துக் கொடுத்திருந்தாள். இப்போது கக்கத்தில் ஒரு ஊறுகாய் ஜாடியோடு ஆய்வகத்துக்குள் வந்து, அதை வரைபலகை மேலேயே வைத்தான்.

"பங்காளி, இந்த மூடிய கொஞ்சம் போடு."

போட்டேன். மூடி ஜாடிக்குள் விழுந்து அடியில் போய்க் கிணுங்கென்று உட்கார்ந்தது.

"இன்னும் அறுபது இருக்குது வாசல்ல, போடறியா?" என்றான். "உன் ஸ்கேல நம்பி அச்சு எடுத்தன். மொதலாளி என்னப் பாத்து, ஜாடிக்கு மூடி செய்யச் சொன்னா உண்டியல்ல போடற காசு செஞ்சியாடாங்கறாரு. சுருக்க ஸ்கேலுன்னு நீ வச்சிருந்தது சாதா ஸ்கேலுய்யா."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியில் இருந்தது இரண்டு ஸ்கேல். ஒன்று சாதா, ஒன்று சுருக்கம். அடையாளத்துக்குச் சுருக்க ஸ்கேலின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்திருந்தோம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தது நான். நடேசனிடம் போனது சாதா என்றால் என்னிடம் இருப்பது எது?

மேசை டிராயரைத் திறந்து குட்டை ஸ்கேலை எடுத்து, ஆய்வகத்து ஸ்கேலோடு ஒட்டி வைத்தேன். குட்டை ஸ்கேலின் பத்து, மற்றதின் பதினொன்றில் நின்றது.

அதாவது, பதினொரு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த புள்ளியை நான் பத்து என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தேழையும். இரண்டு நாளும் அதே ஸ்கேல் என்பதால் இரண்டு நோட்டும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. அச்சுக்கோடு மட்டும் சரியான ஸ்கேலில். லித்தியத்தில் குவார்க் குறைந்ததற்குக் காரணம் லித்தியம் இல்லை.

நடேசனுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"என் மூடி உள்ள வுழுந்துச்சு, ஊரே பாத்துது. உன்னுது வுழுந்தா யாருக்குத் தெரியப் போவுது? குவார்க்கு வந்து மொதலாளிகிட்ட சொல்லப் போவுதா?"

"பைண்டிங்ல இருக்குதுடா. ஒம்போது நாளுதான் இருக்குது. இப்பச் சொன்னா அவங்க ஆறு வருசம் போயிடும்."

"அப்பச் சொல்லாத."

"சொல்லாம வுட்டா அந்த ஆறு வருசத்துல என்னா இருக்குது?"

அவன் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடியைக் கையில் பிடித்துக்கொண்டான். நான் ஸ்கேல் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேடம் வகுப்பில் இருந்தார். அவர் எனக்காக நிற்பது போலவே நான் வாசலில் நின்றேன். நாற்பது நிமிடம்.

வெளியே வந்தவரிடம் ஸ்கேல்களை ஒட்டி வைத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். கேட்டது இவ்வளவுதான்:

"எத்தன பாயிண்டு?"

"முப்பத்தேழுமே, மேடம்."

"அச்சுக்கோடு?"

"அது லேப் ஸ்கேலுங்க."

ஆய்வகத்துக்கு வந்து லித்தியம் படத்தைப் பலகையில் விரித்தார். ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார். அது படத்திலேயே ஒன்று என்று அச்சிட்டிருந்த கிடைக்கோட்டுக்கு மேலே இருந்தது. ஆய்வேட்டின் அட்டவணையில் அதே புள்ளி ஒன்றுக்குக் கீழே இருந்தது. சின்னக் குழந்தை பார்த்தாலும் தெரிந்திருக்கும். எட்டு வாரமாக அவர் அட்டவணையைப் பார்த்தார், நான் நோட்டைப் பார்த்தேன், படத்தை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தில் ஒரு பங்கைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும், ஒரு மணி நேர வேலைதான் என்றேன். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஸ்கேலை வெட்டியவர் எல்லாக் கோட்டையும் சரியாக வெட்டினார் என்று யார் பார்த்தது என்று கேட்டார். மறுபடி அளக்க வேண்டும், லேப் ஸ்கேலால் அளக்க வேண்டும், நான் அளக்கக் கூடாது. என்ன எண் வந்தால் நல்லது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டதே. அவருடைய கண் பவர் கண்ணாடி போட்டும் அரை மில்லிக்கு நிற்காது.

"வேற யாரு இருக்காங்க, அரை மில்லி பாக்கறவங்க?" என்று கேட்டார்.

நான் வெளியே பார்த்தேன். நடேசன் இன்னும் போகவில்லை. மூடிக் கூடை பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றே மேடம் கைடுக்குப் போன் செய்தார். அவர், இப்படியே கொடுத்துவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் திருத்திக்கொள்ளலாம், தேதி போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாராம். லித்தியத்தை எடுத்துவிட்டால் அந்த அத்தியாயத்தில் என்ன மிச்சம் என்றும் கேட்டாராம். மேடம் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஸ்கேல மட்டும் குத்தம் சொல்லாதீங்க கலியபெருமாள். மொத தடவை ஓட்டும்போதே கணக்கு முரண்டு புடிச்சுது. கூட்டினா ஒண்ணு வரல. நான்தான் குளுவான் பங்கு இதுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருந்த எல்லையத் தளத்தி வுட்டு அடக்குனேன். புதுசா எதையோ கண்டுபுடிச்சிட்டம்னு நெனச்சிட்டேன்." பிறகு, "சரி, பைண்டர் கடைக்குப் போயி அஞ்சையும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

ஐந்தும் தங்க எழுத்துப் போட்டு முடிந்திருந்தது. கூலியைக் கொடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தேன். ஜங்ஷன் ரோட்டில் வரும்போது அது நம் வீட்டுச் சுவர் அளவுக்குக் கனத்தது.

நடேசன் ஷிப்ட் முடிந்து மாலை நாலு மணிக்கு வருவான். முகம் கழுவி, கையைத் துடைத்து, பலகை முன் உட்காருவான். ஸ்கேல் மாறிய கதை தெரிந்தாலும், படத்தில் எது லித்தியம், எது குவார்க், பழைய எண் எது என்று அவனுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. "இது எந்த ஜாடிக்கு மூடி?" என்று மட்டும் கேட்டான். எனக்கே தெரியாது என்றேன். ஒவ்வொரு உயரத்தையும் அவன் வாயால் சொல்ல, மேடம் எழுதினார். நான் அறையிலேயே இருக்கக் கூடாது, என் முகத்தைப் பார்த்து அவன் மாற்றிச் சொல்லிவிடலாம் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் நின்றேன். உள்ளே அவன் குரல் கேட்கும். "நூத்தி ஏழு... இல்ல, நூத்தி ஏழே காலு. மேடம், இந்தப் புள்ளி கொசு உக்காந்த மாதிரி இருக்குது, எந்த ஓரத்தச் சொல்றது?" "நடுவச் சொல்லுங்க." "கொசுவுக்கு நடுவுன்னா வயிறுங்களா?" மேடம் சிரித்த சத்தம் அந்த வாரத்தில் அன்று ஒரு தடவைதான் கேட்டது.

இரண்டு மாலை, நடுவில் ஒரு நாள் விட்டு. மூன்று புள்ளியில் மட்டும் அரை மில்லி தாண்டியது, அதை மூன்றாவது தடவை அளந்தான். நாலு நாள் போனது.

ஐந்தாம் நாள் கணினியை ஓட்டினோம். அது ஒரு தடவை ஓடி முடியப் பதினாறு மணி நேரம் ஆகும். பாதி ஓடியிருக்கும்போது கரண்ட் போய், பேட்டரியும் இறங்கிவிட்டது. ஒரு நாள் வீண். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணைமின்நிலையத்துக்குப் போய் அங்கிருந்தவரிடம், நாளைக்கு எந்த நேரத்தில் கரண்ட்டை நிறுத்துவீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கி வந்தேன். அவர் சொன்ன இரண்டு மணி நேரத்துக்கு, கல்லூரி ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்தேன். முதல்வரிடம் அனுமதி கேட்க நேரமில்லை. பிறகு விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அன்று இரவே மறுபடி ஓட விட்டோம், அடுத்த நாள் மத்தியானம் முடிவு வந்தது. மேடம் குளுவான் எல்லையைப் பழையபடி இறுக்கி வைத்திருந்தார். இந்தத் தடவை கணக்கு முரண்டு பிடிக்கவில்லை. கூட்டினால் ஒன்று வந்தது. லித்தியம் ஹீலியத்துக்கும் பெரிலியத்துக்கும் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில், ஒரு அதிசயமும் இல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டது. கோடு எல்லாப் புள்ளிகளுக்கும் பக்கத்தில் போனது. மேடம் வெகுநேரம் திரையைப் பார்த்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லித்தியத்துல விசேசம் எதுவும் இல்ல. இதத்தான் எழுதணும்" என்றார்.

அன்று மாலையே உட்கார்ந்து அத்தியாயத்தைத் திருத்தினார். முப்பது பக்கம் பன்னிரண்டாகச் சுருங்கியது. கடைசியில் ஒரு பத்தி எழுதி என்னிடம் வாசித்துத் தமிழில் சொன்னார். முதல் அளவீட்டில் மண்பாண்ட அச்சுக்குப் பயன்படும் சுருக்க ஸ்கேல் தவறுதலாகப் பயன்பட்டது, அது எப்படித் தெரியவந்தது, எப்படி மறுபடி அளக்கப்பட்டது என்று.

"உங்க பேரு போடாம எழுதிடறேன். பிரின்சிபாலு பாத்தா உங்க வேலைக்கு எதனா வந்துடப் போவுது. நீங்க இன்னும் டெம்ப்ரவரிதானே."

"முன்னாடி நன்றி சொல்ற பக்கத்துல அளந்து குடுத்தவருன்னு என் பேரு இருக்குதுங்களா, மேடம்?"

"இருக்குது."

"அப்ப இங்கயும் போடுங்க. நடேசன் பேரையும் போடுங்க. அவன் அளந்தது சரியா இருக்குது."

போட்டார்.

ஒன்பதாம் நாள் காலை பைண்டர் கையிலிருந்து ஐந்து பிரதியும் வந்தபோது பசை காயவில்லை. பஸ்ஸில் நானும் மேடமும் மடியில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே போனோம். அவர் மடியில் இரண்டு, என் மடியில் மூன்று. சேத்தியாத்தோப்பில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் இறங்கிப் போய், டீக்கடையில் அவர் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, ஒரு அம்மா பரீட்சைக்குப் போறாங்க."

அவர் பஸ் ஜன்னலைப் பார்த்தார். "இந்த வயசுலயா?" என்றார். ஆனால் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் குமாஸ்தா ஐந்தையும் எண்ணினார். ஒவ்வொன்றாகப் புரட்டி, கையெழுத்துகளைச் சரிபார்த்து, முத்திரை குத்தினார். பசை அவர் விரலில் ஒட்டியது. "என்னங்கம்மா, சூட்டோட சூடா இருக்குது" என்றார். மேடம் ரசீதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் படித்தேன். தேதி அன்றைய தேதி.

பிறகு அவர் டாக்டர் பிலோமினா ஆனார். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் லித்தியம் அத்தியாயத்தில் அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டாராம். என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் ஆனது. அந்தப் பத்தியால் தாமதமா, ஜெனரேட்டர் ஒயரால் தாமதமா, எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு நான் எத்தனையோ படங்களை அளந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முடித்ததும் தள்ளி நின்று வெறும் கண்ணால் ஒரு தடவை பார்ப்பேன். அதுதான் என் குவார்க் வேலை, செல்வி. குமரா, நீ அக்கவுண்ட்ஸ் படித்தவன், நீயும் அப்படிப் பார்.

இன்னும் ஒன்று, இது மேடத்துக்கும் தெரியாது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் கல்லூரி விடுமுறை. தவறான ஐந்து பிரதிகளும் ஆய்வக மூலையில் கிடந்தன. எடைக்குப் போட்டுவிடுங்கள், என் கண்ணில் படாமல் என்று மேடம் சொல்லியிருந்தார். எடைக்குப் போட்டால் பஜ்ஜி மடிக்கத்தான் போகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் மேல் அட்டை சரியான பிரதி மாதிரியே இருந்தது, அதே தங்க எழுத்து. ஒன்று தவறி எங்கேயாவது அலமாரியில் ஏறிவிட்டால், என்றைக்காவது யாராவது லித்தியத்தை அதிலிருந்து எடுத்துவிடலாம். காலையில் போய்ச் சாவி போட்டுத் திறந்து, ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்து, லித்தியம் அட்டவணைப் பக்கத்தைப் பிரித்தேன். சிவப்பு மையால் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டேன். கீழே "தவறு, நான் அளந்தது" என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஐந்து தடவை. மை காயும்வரை மூடாமல், மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.